தண்ணிக்கு ஏழு பொருள்

குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையான அன்றைக்கே மேல்முறையீடு எழுத உட்காராதீர்கள். அறிவிப்புக் கொடுக்கச் சட்டம் பதினான்கு நாள் தருகிறது. தோற்ற வழக்கறிஞரின் கோபம் தணிய அத்தனை நாள் வேண்டும் என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டே கால். மேல்முறையீட்டு அறிவிப்பைப் பதிவாளர் கையில் நான் கொடுத்தது அதே செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு. எங்கள் பிரிவில் இவ்வளவு வேகமாக யாரும் செய்ததில்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். இப்போது பார்க்கும்போது அந்தக் கோடுதான் கூசுகிறது.

கஸ்டம்ஸ் வழக்குகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பினாங்கில் பல ஆண்டுகள் துணை அரசு வழக்கறிஞராக இருந்து, கடத்தல் வழக்குகளை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சூலியா தெருவில் பிறந்த தமிழ் முஸ்லிம். வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்த வழக்கில் நான் செய்த பிழைக்கு இதுவும் ஒரு காரணம்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருந்தது. புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, வடக்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வந்த ஒரு சின்ன லோரியை நம் அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஓட்டி வந்தவர் சின்னையா, வயது ஐம்பத்து மூன்று, பாகான் டாலாம்காரர். அவருடைய வட்டாரத்தார் வருடாவருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். இரவும் பகலும் நடந்து வருகிற பக்தர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கும் பந்தல். லோரியில் மேலே இருந்த பெட்டிகளில் எல்லாம் குடிநீர்ப் பாட்டில்கள். கீழ் வரிசை இரண்டில் விஸ்கி. லங்காவி வரியில்லாத் தீவு என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வாங்கியதைப் படகில் கரை சேர்த்து, வரி கட்டாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் அது கடத்தல்.

சின்னையா சொன்ன கதை சுருக்கமானது. முன்பின் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டு, பந்தலுக்குத் தண்ணீர் நன்கொடை தருகிறேன், கோலா பெர்லிஸில் வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாராம். போனாராம். வேறு ஆட்கள் ஏற்றிக் கொடுத்தார்களாம். ஓட்டி வந்தாராம். அந்த நன்கொடையாளரின் எண் அன்று மாலையிலிருந்தே வேலை செய்யவில்லை.

இந்தக் கதையை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

லோரியை நிறுத்திய அதிகாரி ஹபீஸ், மலாய்க்காரர். பாகான் டாலாமில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து உதைத்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் ஒலிகள் அவர் காதுக்குப் பழக்கம், பொருள்தான் பாதிக்குமேல் புரியாது. பெட்டிகளில் என்ன என்று அவர் மலாயில் கேட்டிருக்கிறார். பதற்றத்தில் சின்னையா தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். ஹபீஸ் தன் அறிக்கையில் எழுதியது ஒரே வரி: ஓட்டுநர் தண்ணீர் இருப்பதாகச் சொன்னார். மலாயில் ‘ஆயிர்’.

செஷன்ஸ் நீதிமன்ற விசாரணையில் சின்னையா கூண்டில் ஏறியும் அதையே சொன்னார். “தண்ணின்னுதான் ஏத்துனேன்.” நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சரோஜா அதையும் ‘ஆயிர்’ என்றே மொழிபெயர்த்தார். நாங்கள் எவ்வளவு குறுக்கு விசாரணை செய்தும் அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் எங்களால் போக முடியவில்லை.

அந்த விசாரணையில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் நாள் மதியம் எனக்குத் தொண்டை வறண்டு இருமல் பிடித்தது. மேசையில் கை வைத்தேன். பாட்டில் இருந்தது. திறந்து மடமடவென்று குடித்தேன். பிரதிவாதியின் வழக்கறிஞர் லிம் எழுந்தார். சின்ன வயதுக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லை.

“மாண்புமிகு நீதிபதி அவர்களே, என் கற்றறிந்த நண்பர் சான்றுப்பொருள் பி-ஏழைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.”

பாட்டிலைப் பார்த்தேன். கழுத்தில் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாதி காலி.

“ஆட்சேபணை உண்டா?” என்று நீதிபதி அவரிடம் கேட்டார்.

“இல்லை. அதில் இருப்பது தண்ணீர்தான் என்பதை அரசுத் தரப்பே நிரூபித்துவிட்டது. நன்றி சொல்லத்தான் எழுந்தேன்.”

தீர்ப்பில் இது ஒரு தனிப் பத்தியாகவே வந்தது. அரசுத் தரப்பின் சொந்த அறிக்கை தண்ணீர் என்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தண்ணீர் என்கிறார். அரசுத் தரப்பு வழக்கறிஞரும் அதை உறுதி செய்திருக்கிறார். அடியில் விஸ்கி இருந்தது அவருக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சியம் இல்லை. விடுதலை.

நான்கு மணிக்கு அறிவிப்பு கொடுத்துவிட்டு அலுவலகம் திரும்பியபோது பிரிவுத் தலைவர் காத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் வரிசையாக மூன்று வழக்குகளில் தோற்றிருந்தோம்.

“ஒரு சொல்லால் தோற்றோமா?” என்றார்.

“ஆமாம் துவான்,” என்றேன் மலாய் மரியாதையோடு. “தண்ணி.”

சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. தண்ணி! சாதாரணத் தமிழில் அதற்கு மது என்றும் பொருள் உண்டே. அப்படியானால் சின்னையா தண்ணீர் என்று சொல்லவில்லை, லோரியில் சரக்கு இருப்பதை ஒத்துக்கொண்டிருக்கிறார். ஹபீஸும் சரோஜாவும் தவறாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம் கிடைத்துவிட்டது!

சிக்கல் என்னவென்றால் எங்கள் வீட்டில் தண்ணி என்றால் தண்ணீர், அல்லது தேநீர். மற்ற பொருளை நான் கேட்டிருக்கிறேனே தவிர புழங்கியதில்லை. ஆதாரம் வேண்டும். வீட்டு அலமாரியிலிருந்த அகராதிகளைப் புரட்டினேன். பிறகு அலுவலகக் கேண்டீனில் எழுத்தர் குணாவைப் பிடித்தேன்.

“குணா, தண்ணின்னா என்னப்பா?”

“தாகமா சார்? ஐஸ் போட்டு வாங்கிட்டு வரவா?”

“அந்தத் தண்ணி இல்ல. மத்தது.”

குணா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சார், நீங்க எப்பத்திலேருந்து?”

“ஐயோ, கேஸுக்குப்பா! நீங்கள்லாம் எப்படிச் சொல்வீங்கன்னு கேக்குறேன்.”

“அப்படிச் சொல்லுங்க லா. பயந்தே போயிட்டேன்.” பிறகு அவர் ஆர்வமாகிவிட்டார். “தண்ணி போட்டான், தண்ணி அடிச்சான், தண்ணி பார்ட்டி. எழுதிக்குங்க சார். ஸ்பெல்லிங் வேணுமா?”

அதற்குள் கேண்டீன் பையன் வந்து மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “தண்ணி என்ன அண்ணே?”

“தே ஓ,” என்று பாலில்லாத தேநீர் சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அது மூன்றாவது பொருள். குடிக்கக் கிடைக்கும் எதுவும் தண்ணி. அதையும் குறித்துக்கொண்டேன். அப்போது பக்கத்து மேசையிலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏமாற்றித் தப்பிப்பது தண்ணி காட்டுவது. உருப்படமாட்டான் என்று கைவிடுவது தண்ணி தெளித்து விடுவது. கைவந்த காரியம் தண்ணி பட்ட பாடு. யாரும் போக விரும்பாத ஊருக்கு மாற்றல் வந்தால் தண்ணி இல்லாத காடு.

“இந்த கேஸுல தோத்தீங்கன்னா உங்களை அங்கதான் அனுப்புவாங்க சார்,” என்றார் குணா.

மொத்தம் ஏழு பொருள். வழக்குக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். ஆனால் நான் எதையும் முழுமையாகச் செய்கிறவன். நீதிபதியின் காரணங்களும் வழக்குப் பதிவேடும் கைக்கு வந்து, விரிவான மனு கொடுப்பதற்கான அடுத்த பதினான்கு நாள் தொடங்கியபோது, ஏழு பொருளையும் மலாயில் விளக்கி மனுவில் சேர்த்தேன். பதினொன்றாம் பத்தியில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பொருள் தெரிவதில் தவறிவிட்டார் என்று எழுதினேன். வரைவை வீட்டு மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கம் படித்தாள்.

“ஹஜ்ஜுக்குப் பேர் குடுத்துட்டு, ராத்திரியும் பகலும் உக்காந்து சாராயத்துக்கு அர்த்தம் எழுதுறீங்களே, நல்லாவா இருக்கு?”

“கவர்மெண்டு வேலைம்மா.”

“கவர்மெண்டுக்கு ஒரு அர்த்தம் பத்தாதாமா?”

அவள் கேட்டது சரியான கேள்வி. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இந்த இடத்தில் சின்னையாவுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல்முறையீட்டில் நாங்கள் வென்றால், கட்டாத வரியைப் போலப் பல மடங்கு அபராதம், கட்டாவிட்டால் சிறை. அவரால் கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். லோரி ஓட்டும் உரிமமும் போகும். ஆகவே அந்த ஏழு பொருளில் எது என்பதுதான் அவர் வீட்டில் இருப்பாரா, உள்ளே இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. மனு எழுதிய நாட்களில் இதை நான் ஒரு முறைகூட நினைத்ததாக நாட்குறிப்பில் இல்லை. மனு எத்தனை பக்கம் என்பது மட்டும் இருக்கிறது. பத்தொன்பது.

மேல்முறையீட்டு விசாரணைக்குப் பத்து நாள் முன்பு, லைட் தெரு நீதிமன்ற நடைக்கூடத்தில் சரோஜா என்னை மறித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நேர்மையான வேலைக்காரர். ஒரு சாட்சி இருமினால் அதையும் மொழிபெயர்ப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

“பதினொண்ணாம் பாராவுல நீங்க சொல்லியிருக்கிறது என்னையத்தானே சார்?”

“தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல மேடம்...”

“என் பேரு போடல. பதவி போட்டிருக்கீங்க. இந்தக் கோர்ட்டுல அந்தப் பதவியில நான் ஒருத்திதான் இருக்கேன்.” கையிலிருந்த கோப்பைத் தட்டினார். “ஏழு அர்த்தம் எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு, அன்னைக்கி நீங்க குடிச்ச பி-ஏழு எந்த அர்த்தம்னு எழுதத் தெரியலையே?”

நான் கோட்டைச் சரிசெய்துகொண்டேன். அவர் விடவில்லை.

“அந்த மனுசன் ஹபீஸ்கிட்ட ஒத்த வார்த்தையா சொன்னாரு? யாராவது ஒத்த வார்த்தையில பேசுவாங்களா? முழுசா என்ன சொன்னாரு? அதக் கேட்டீங்களா, முதல்ல?”

கேட்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி இருந்தது, அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டேன். கதை முழுவதிலும் என் பெரிய பிழை இதுதான், மற்றவையெல்லாம் இதிலிருந்து முளைத்தவை. அறிக்கை என்பது அதிகாரி தன் மொழியில் சுருக்கியது. அதை ஆதாரமாக வைத்து வேறொரு மொழியின் சொல்லுக்குப் பொருள் தேடினேன்.

ஹபீஸ் அதற்குள் கடல் தாண்டிச் சபாவிலுள்ள தாவா நகருக்கு மாற்றலாகியிருந்தார். போன் செய்தேன்.

“சம்பவ இடத்துல ஏதாவது குறிச்சு வச்சீங்களா?”

“பாக்கெட் நோட்டுல இருக்கு துவான். அவர் சொன்னது புரியல, அதனால கேட்ட மாதிரியே எழுதினேன். யாரும் அதைக் கேட்கலையே.”

“நான் இப்ப கேக்குறேன்.”

வியாழக்கிழமை மதியம் நோட்டு வந்தது. விசாரணை திங்கட்கிழமை. ஹபீஸ் தமிழ் ஒலிகளை மலாய் எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தார். முதல் வாசிப்பில் ஏதோ ஆப்பிரிக்க ஊர்ப் பெயர்போல இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உரக்கப் படித்தேன். இரண்டாம் முறை கொஞ்சம் பிடிபட்டது. மூன்றாம் முறை சின்னையாவின் குரலே கேட்டது.

“தண்ணி சார். சனங்க குடிக்கிற தண்ணி. தண்ணிமலைக்கு.”

தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேச்சுத் தமிழ் அதிகம் புழங்காத இளைய நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மதுவைத் தண்ணி என்று சொல்லும்போது நாங்கள் அதைப் போடுவோம், அல்லது அடிப்போம். தண்ணியைக் குடித்தால் அது தண்ணீர்தான். ‘தண்ணி குடித்தான்’ என்றால் தாகம் தீர்ந்தது. ‘குடித்தான்’ என்று மட்டும் சொன்னால் அவன் நேராக நடக்கமாட்டான். குடி என்ற வினையோடு தண்ணீரைச் சொன்னால் மது இல்லை, சொல்லாமல் விட்டால்தான் மது. இதைக் கண்டுபிடிக்க அகராதி வேண்டியதில்லை. எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஏழு பொருளும் பெயர்ச்சொல்லுக்கு எழுதினேன், வினைச்சொல்லைப் பார்க்கவே இல்லை.

சின்னையா உண்மையைத்தான் சொன்னார் என்று இது நிரூபிக்காது. அடியில் இருந்ததைத் தெரிந்துகொண்டே பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்டார் என்று நான் பத்தொன்பது பக்கம் எழுதியிருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது போனால் மேல்முறையீட்டில் எதுவுமே மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை காலை தலைவரிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, நோட்டை மூடி அதன்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இது வழக்குப் பதிவேட்டில் இருக்கிறதா?”

“இல்லை துவான். கீழ்க்கோர்ட்டில் நாம் தாக்கல் செய்யவில்லை.”

“உயர் நீதிமன்றம் பதிவேட்டைப் பார்த்துத்தானே முடிவு செய்யும்?”

“ஆமாம்.”

“அப்படியானால் யாரும் கேட்கப்போவதில்லை,” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மறைக்கச் சொல்லவில்லை. அதைவிடச் சுலபமான ஒன்றைச் சொன்னார்.

அன்றைக்கே மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். நான் பெறவில்லை. நான்காவது தோல்வியை என் பெயரில் எழுத மனம் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாட்குறிப்பில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன், அது எனக்கு அபூர்வம். திங்கட்கிழமை நோட்டைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு போனேன். காட்டுவதற்காகவா, வேறு யார் கையிலும் சிக்காமல் இருப்பதற்காகவா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

சின்னையா மனைவியோடு வந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. இரண்டு சட்டை, துண்டு, பற்பசை, இருமல் மருந்து. தோற்றால் அங்கிருந்து நேராக உள்ளே போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையைப் பார்க்காமல் இருக்க நான் மனுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயர் நீதிமன்ற நீதிபதி ஒரு பெண்மணி, அங்கே நீதிபதியை ‘யாங் அரிஃப்’ என்றுதான் அழைக்க வேண்டும். சிரிக்காமல் நுணுக்கமாகப் படிக்கிறவர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஏழு பொருளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

“நான்காம் பொருள், தண்ணீரைக் காட்டுதல். குற்றஞ்சாட்டப்பட்டவர் அதிகாரிக்குத் தண்ணீரைக் காட்டினார் என்பது உங்கள் வாதமா?”

“இல்லை, யாங் அரிஃப். அது ஏமாற்றுவதைக் குறிக்கும் வழக்கு.”

“அப்படியானால் அவர் காட்டவில்லை?”

“காட்டினார், யாங் அரிஃப். பெட்டியைத் திறந்து தண்ணீரைக் காட்டினார். ஆனால் அந்தப் பொருளில் காட்டவில்லை.”

லிம் சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

“ஐந்தாம் பொருள், தண்ணீர் தெளித்தல்.”

“அது முழுமைக்காகச் சேர்த்தது, யாங் அரிஃப்.”

“ஏழாம் பொருள், தண்ணீர் இல்லாத காடு.”

“அதுவும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இது உங்கள் தாய்மொழி. குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்னது இந்த ஏழில் எது?”

“ஒற்றைச் சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியாது, யாங் அரிஃப். வாக்கியத்தைப் பொறுத்தது.”

“வாக்கியம் இருக்கிறதா?”

யாரும் கேட்கப்போவதில்லை என்றிருந்தார் தலைவர். கேட்டுவிட்டார்கள். அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. ‘பதிவேட்டில் இல்லை, யாங் அரிஃப்’ என்ற பதில் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

அப்போது சின்னையா இருமினார். நிறுத்த முடியாத இருமல். அவருக்கு மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்ற சரோஜாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். தன்னிடம் சொல்லப்படும் எதையும் மொழிபெயர்க்காமல் விடாத சரோஜா, நிமிர்ந்து நின்று அவர் சொன்ன தமிழையும் அதன் மலாயையும் அறை முழுவதும் கேட்கச் சொன்னார்.

“‘கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாமாம்மா?’ யாங் அரிஃப், சிறிது தண்ணீர் குடிக்க இவர் அனுமதி கேட்கிறார்.”

“கொடுங்கள்,” என்றார் நீதிபதி. காவலர் ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அவர் விஸ்கி கேட்பதாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். “இப்போது அவர் சொன்னதில் அதே சொல் இருந்ததா?”

“இருந்தது, யாங் அரிஃப்.”

“அது எந்தப் பொருள்?”

கோட்டுக்குள் கையை விட்டு நோட்டை எடுத்தேன். “யாங் அரிஃப், சம்பவ இடத்தில் அவர் சொன்ன வாக்கியம் இதில் இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து என்னிடம் இருக்கிறது. அன்றே என் நண்பர் லிம்மிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.”

லிம்மின் சிரிப்பு நின்றது. அடுத்த கால் மணி நேரம் அந்த நீதிமன்றம் தமிழ் வினைச்சொற்களைப் பற்றி விசாரித்தது. நான் சொல்வது சரியா என்று நீதிபதி சரோஜாவிடம் கேட்டார். சரோஜா ஒப்புக்கொண்டார். பதினொன்றாம் பத்திக்கு அந்த ஒப்புதலைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

“எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்,” என்றார் நீதிபதி. “தண்ணீரைக் குடித்தால் அது தண்ணீர்.”

“ஆமாம், யாங் அரிஃப்.”

“தண்ணீரைப் போட்டால் மது.”

“ஆமாம்.”

“எதையும் குறிப்பிடாமல் வெறுமனே குடித்தாலும் மது.”

“ஆமாம், யாங் அரிஃப்.”

“இந்த மொழியில் ஒருவர் எப்படித்தான் நிம்மதியாகத் தாகம் தீர்த்துக்கொள்கிறார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதத் தொடங்கினார். பிறகு வாசித்தார். கடைசி வரி மலாயில் இரண்டு சொல்: ‘ராயுவான் டித்தோலாக்’. மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. கீழ்க்கோர்ட் கொடுத்த விடுதலை நிலைக்கிறது. எழுந்து வணங்கினோம். அவர் போய்விட்டார்.

நோட்டைக் காட்டிய அந்தக் கணத்தை வைத்து என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துவிடாதீர்கள். வியாழன் மதியத்திலிருந்து திங்கள் காலைவரை அது என்னிடம்தான் இருந்தது. ஒருவருக்கு இருமல் வந்ததால் வெளியே வந்தது. உங்கள் வழக்கில் இருமல் வராமல் போகலாம்.

பின்னால் திரும்பினால், சின்னையா கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்துப் போன். அடுத்து பணப்பை. பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காவலர் எந்தப் பக்கம் கூட்டிப்போவார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது. ‘ராயுவான்’ என்றால் மலாயில் கெஞ்சிக் கேட்பது என்றும் பொருள். ‘டித்தோலாக்’, தள்ளிவிட்டார்கள். கெஞ்சியவர் தான்தான், தள்ளப்பட்டது தன் கெஞ்சல்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சரோஜா அவசரமாகக் குறுக்கே போனார். “அண்ணே, பயப்படாதீங்க. மேல்முறையீடு தள்ளுபடி.”

சின்னையாவின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. “தள்ளுபடியா?”

“ஆமாண்ணே.”

“எத்தன பெர்சென்ம்மா?”

சரோஜா திகைத்துவிட்டார். தீபாவளிக்குத் துணிக்கடை வாசலில் தொங்குகிற பலகைகளில்தான் சின்னையா அந்தச் சொல்லைப் படித்திருக்கிறார்.

“அம்பதா?” என்றார் அவர் மனைவி, கடிகாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “அம்பதுன்னா தம்பிங்ககிட்ட கேட்டு எப்படியாவது...”

“அப்படி இல்லக்கா, இது வேற தள்ளுபடி,” என்று தொடங்கிய சரோஜா என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு சொல்லுக்காக இன்னொருவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

நான் சின்னையாவின் முன்னால் போய் நின்றேன். சட்ட மொழியில் என்ன சொல்வது என்று யோசித்தேன். எந்தச் சொல்லுக்கும் இன்னொரு பொருள் இருக்கும் என்று பயமாக இருந்தது.

“அண்ணே,” என்றேன், “நான் தோத்துட்டேன்.”

“நீங்களா?”

“நான்தான். முழுசா தோத்துட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க.”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா உட்கார்ந்துவிட்டார். சின்னையா தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றினார், கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வழக்கில் அதுவரை எனக்கு யாரும் தராத பார்வை அது. பிறகு என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மனச விட்றாதீங்க சார்,” என்றார். “அடுத்த தடவ உங்களுக்கு நல்ல கேஸா அமையும்.”